ஒரு சிட்டிகை போதும்: பெக்கோக்கில் என் மகள் சாப்பிட்ட மதியச் சோறு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து பெக்கோக் என்ற சிற்றூருக்குப் போனோம். என் மனைவியின் அண்ணன் அங்கே வீடு கட்டி அன்றுதான் குடிபோனார். காரில் நானும் என் பதினோரு வயது மகள் கவினியும் மட்டும். மனைவிக்குச் சிங்கப்பூரில் ஷிஃப்ட், மறுநாள்தான் பஸ்ஸில் வர முடியும். கோதுமை ஆகாத பிள்ளையோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கவினிக்கு சீலியாக் நோய். மூன்று வருஷம் வயிற்று வலி என்று கிளினிக் கிளினிக்காக அலைந்தோம். பூச்சி மருந்து கொடுத்தார்கள், பிள்ளை சாப்பாட்டில் அடம் என்றார்கள். நோய் இன்னதென்று தெரிந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இது அலர்ஜி இல்லை என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. யார் வயிறும் அதை முழுதாகச் செரிப்பதில்லை, துண்டு துண்டாக மிஞ்சும். உங்களுக்கும் எனக்கும் அது தொல்லை தராது. கவினிக்கு அந்தத் துண்டுகள் சிறுகுடல் சுவரைத் தாண்டி உள்ளே போனதும், உடம்பின் சொந்த நொதி ஒன்று அவற்றை லேசாக மாற்றிவிடுகிறது. அவள் பிறவியிலேயே கொண்டுவந்த மரபணு, அந்த மாறிய துண்டைக் கெட்டியாகப் பிடிக்கிற மாதிரி அவளுடைய நோய் எதிர்ப்பு அணுக்களைச் செய்து வைத்திருக்கிறது. பிடித்த அணு சும்மா இருக்காது. எதிரி வந்துவிட்டான் என்று மற்ற அணுக்களுக்குக் காட்டும். அவை கிளம்பிவந்து தாக்குவது அவளுடைய குடலையே. அந்த நொதிக்கு எதிராகக்கூட உடம்பு எதிர்ப்புப் பொருளைச் சுரக்கிறது. இரத்தப் பரிசோதனையில் டாக்டர் தேடுவது அதைத்தான். குடலின் உட்பக்கம் பூந்துவாலையின் நூல் மாதிரி நிற்க வேண்டிய விரலிகள் தேய்ந்து தரையாகிவிட்டால், என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. தின்னாமல் இருப்பதுதான் வைத்தியம்.

பயணத்துக்கு முந்தின வாரம் வந்த பரிசோதனை முடிவு, முதல் தடவையாகக் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. கவினி அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னாள்.

காலை 6.45க்குக் கிளம்பி 7.30க்குச் செடெனாக்கில் நிறுத்தினோம். ஒரு பாய் கடை. தோசை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கவினியின் கையில் கட்டியிருந்த நோய்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, மைதா ரொட்டிச் சானாய் போடும் அதே கல்லில்தான் தோசையும் வார்க்கிறோம், பிள்ளைக்கு வேண்டாம் என்று தானாகவே சொன்னார். அவித்த முட்டை இரண்டும் வாழைப்பழமும் கொடுத்தார். எனக்குத் தோசை, தே ஓ என்கிற பாலில்லாத தேநீர், எல்லாம் சேர்த்து 9 ரிங்கிட் 40. முன்பின் தெரியாத மனிதருக்கு இருக்கிற அக்கறை சொந்தக்காரர்களுக்கு இருக்காது என்று வழிநெடுகப் பொருமிக்கொண்டே ஓட்டினேன்.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாஆ வழியாகப் போனோம். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து 10.20க்குப் பெக்கோக். என் மீட்டரில் 151 கிலோமீட்டர்.

வாசலிலேயே மச்சான் ஆரம்பித்துவிட்டார். "கொஞ்சம்தானே மாப்ள, ஒரு நாள் சாப்ட்டா பழகிடும் லா." எனக்குச் சுருக்கென்றது. அவருடைய மனைவிதான் என்னைச் சமாதானப்படுத்தினார். நான் அக்கா என்று கூப்பிடுவேன், கவினிக்கு அத்தை. கவினிக்கு ஆகாதவை என்று நான் வாட்ஸாப்பில் அனுப்பிய பட்டியலை அக்கா அச்செடுத்து அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தார். மைதா, ரவை, சேமியா, சோயா சாஸ் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. புதுப் பானை, புதுக் கரண்டி. நான் கொண்டுபோன சீர்த்தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்: புது வீட்டின் முதல் சமையலைச் சீரில் வந்த அரிசி, பருப்பு, உப்பு, புளி, மஞ்சள், பெருங்காயத்தில்தான் சமைக்க வேண்டும். சாமான்களை நான்தான் ஜொகூர் பாருவில் வாங்கினேன்.

மதியம் 1.15க்குச் சாப்பாடு. சாம்பார், ரசம், கத்தரிக்காய்ப் பிரட்டல். கவினி ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லி உறிஞ்சினாள். மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். நான்கு மணிக்குள் ஐந்து தடவை வாந்தி.

நான் கத்தினேன். விருந்தாளிகள் இருந்தார்கள், பார்க்கவில்லை. வழிநெடுகப் பொருமியதெல்லாம் வெளியே வந்தது. ஒரு நாள்தானே என்று நீங்களும் நினைத்துவிட்டீர்கள், என் பிள்ளையை வைத்துச் சோதனை பண்ணினீர்கள் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னேன். அக்கா சமையலில் போட்ட ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துவந்து என் முன்னால் வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி டப்பா பெருங்காயம். பொடி எழுத்தில் 'தெப்போங் கண்டும்' என்றிருந்தது. மலாயில் கோதுமை மாவு.

"இது நீங்க கொண்டாந்தது தம்பி," என்றார்.

மனைவிக்குப் போன் அடித்தேன். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவுதான் கலப்பார்கள், இரண்டு வருஷம் முன்பே வீட்டில் மாற்றிவிட்டேனே, உங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியாது. ஊருக்கெல்லாம் குடலைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், என் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. பட்டியலில் பெருங்காயம் இல்லாதது என் தப்பு. வாங்கும்போது டப்பாவைத் திருப்பாததும் என் தப்பு. எதிரியைத் தவறாக அடையாளம் கண்டு சொந்த வீட்டையே தாக்கியது கவினியின் உடம்பு மட்டும் இல்லை.

போகிறவர்களுக்கு: அரிசி மாவு கலந்த பெருங்காயம் விற்கிறது, கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பெருங்காயமே வேண்டாம். மலாயில் 'கண்டும்', 'பார்லி' இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்யுங்கள். பட்டியல் அனுப்புமுன் வீட்டில் சமைக்கிறவரிடம் காட்டுங்கள். ஒரு சிட்டிகைக்கே அணுக்கள் கிளம்பிவிடும், குடல் ஆற மாதக்கணக்கு ஆகும். கவினிக்கு மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை. சட்டம் போட்ட தாளை அவளே கழற்றிவிட்டாள்.

அக்காவிடம் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி, பிள்ளைதான் முக்கியம்," என்றார். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை 7 மணிக்குக் கவினிக்காகக் கஞ்சி வைத்தார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அக்கா ஒரு கையில் உப்பு ஜாடியை வைத்துக்கொண்டு, அதன் லேபிள் எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தார். தான் கட்டிய வீட்டில், தன் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்.

"உப்புப் போடலாமா தம்பி?"