வீட்டில் எத்தனை உயிர்?

“நாய்க்கு ஓட்டு இருக்காம்மா?” என்று எங்கள் வார்டு கவுன்சிலர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். என்னோடு வந்த சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

சித்தி தையல்காரி. கடை என்பது ஒரே அறை. ஒரு மிஷின், ஆளுயரக் கண்ணாடி, மறைப்புக்கு ஒரு திரை. மிஷினுக்கு அடியில் அவளுடைய நாய் பொத்தான் படுத்திருக்கும். வெள்ளை நெஞ்சில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயர். மிதி ஓடும் சத்தம் கேட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். பதினோரு வருடமாகக் கவுன்சிலருக்குக் கட்சிக்கொடி தைத்தவள் சித்திதான். ஓட்டுப்பதிவு நாளில் அவருடைய பூத் ஏஜெண்டும் அவள்தான். அவரைத் ‘தம்பி’ என்பாள்.

பொதுக்கூட்டத்துக்குக் கட்சித் தலைவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மேடைப் பக்கம் நாய் திரியக்கூடாது என்று கவுன்சிலரின் ஆட்கள் கறித்துண்டில் விஷம் தடவித் தெருத்தெருவாகப் போட்டார்கள். பத்தொன்பது நாய்கள் செத்தன. பொத்தான் வாயில் நுரையோடு தள்ளாடி வந்து தன் இடத்தில் விழுந்தது. சித்தி அப்போது தைத்துக்கொண்டிருந்தது அந்தக் கூட்டத்துக்கான கொடி. அதிலேயே சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவாராம். வாசலிலேயே உயிர் போய்விட்டது. அங்கிருந்து நேராகக் கவுன்சிலரிடம் போனோம். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“இல்லைங்க, கவுன்சிலர் சார்” என்றாள் சித்தி. அவள் அவரை ‘சார்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

தேர்தலுக்கு ஏழு வாரம் இருந்தது. போன முறை அவர் ஜெயித்தது முப்பத்தெட்டு ஓட்டில். சித்திக்கு அது மனப்பாடம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “வீட்டுல எத்தனை ஓட்டு?” சித்தி ஒரு புது நோட்டு வாங்கினாள். அளவு பார்க்க வருபவர்களை நிறுத்தி வைத்துக் கேட்டாள். உடம்பைச் சுற்றிக் குண்டூசியோடு நிற்பவர்கள் எங்கே ஓட முடியும்?

“கையைத் தூக்கு. வீட்டுல எத்தனை உயிர்?”

“நாலு பேர், அக்கா.”

“ஆளைக் கேக்கல. உயிரைக் கேட்டேன்.”

“அப்படின்னா ஒரு பூனை, மூணு கோழி. மாமியாரையும் சேத்துக்கவா?”

“அவங்களுக்கு ஓட்டு இருக்குடி. பூனைக்கு நீதான் போடணும்.”

கடைக்கு வராத வீடுகளுக்கு நான் போனேன். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்று முப்பதில் ஏதோ ஒரு பிராணி இருந்தது. நோட்டை எதிர்க்கட்சி வேட்பாளரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு டீச்சர்.

“ரோடே இல்லாத வார்டுல நாய்க்கு வாக்குறுதியா?” என்று அவரும் சிரித்தார்.

சித்தி நோட்டின் பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் டீச்சரின் சிரிப்பு நின்றது. ஐந்தாம் பக்கத்தில் பேனாவை எடுத்தார். அவருடைய நோட்டீஸில் புதிதாக மூன்று வரி வந்தது: விஷம் வைக்க மாட்டோம், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும், கால்நடை டாக்டர் தினமும்.

நோட்டுக் கணக்கு காதுக்குப் போனதும், மறுவாரம் கவுன்சிலர் கடைக்கே வந்துவிட்டார். “அக்கா, அந்த மூணு வரியை நானும் போடறேன். பழசை விடுங்க.”

எனக்குப் பகீர் என்றது. இவரும் போட்டுவிட்டால் தப்பித்துவிடுவாரே! சித்தி ஒரு தாளை நீட்டினாள். “எழுதிக் கொடுங்க. ஆனா, ‘விஷம் வெக்கச் சொன்னது நான்தான்’னு முதல் வரி இருக்கணும்.”

அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்தார். போன முறை முப்பத்தெட்டு ஓட்டு என்பது நினைவுக்கு வந்திருக்கும், எழுதிக் கையெழுத்தும் போட்டார். சித்தி அந்தத் தாளை அந்தக் கண்ணாடியிலேயே ஒட்டினாள்.

“இப்போ ஓட்டு நமக்குத்தானேக்கா?”

“கையெழுத்து உயிரோட இருக்கறதுங்களுக்கு. ஓட்டு செத்ததுக்கு. போயிட்டு வாங்க, சார்.”

அளவு பார்க்க வந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். அந்தத் தேர்தலில்தான் நான் முதல் ஓட்டுப் போட்டேன். விரலில் வைத்த மை காய்வதற்குள் பொத்தானின் இடத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். அறுபத்தொரு ஓட்டில் அவர் தோற்றார்.

முடிவு வந்த அன்று மாலையே சித்தி என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினாள். உள்ளே பாதி தைத்த அந்தக் கொடி. துவைக்கவில்லை, நுரைக்கறை அப்படியே இருந்தது. “மீதியைத் தைக்க வேற ஆள் பாத்துக்கச் சொல்லு” என்றாள். சொன்னேன். அவர் பிரித்துப் பார்க்கும்வரை வாசலில் நின்றேன். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நன்றி சொல்ல வந்த டீச்சர், கண்ணாடியில் தன் நோட்டீஸும் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். “ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்கு?” என்றார். “அடுத்த தேர்தல் வரைக்கும் இருக்கட்டும் டீச்சர். பசை நல்ல பசை” என்றாள் சித்தி. இப்போது ஆஸ்பத்திரி தினமும் திறக்கிறது.

நாய்க்கு ஓட்டு இல்லைதான். அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு இருக்கிறது. அன்று சொல்ல முடியாத பதில் இது. படித்தவர்கள் தயவுசெய்து இதைப் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டில் எத்தனை உயிர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.