ஐந்தாம் பக்கத்தைக் காணோம்

பல் மருத்துவமனையில் அவளுக்கு ‘சந்தேகம் அக்கா’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக டாக்டரின் இடப்பக்கம் நின்று, நோயாளி வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தவள். கருவிகளை உறையில் போட்டு ஒட்டி ஆவியில் சுத்தம் செய்வதும் அவள் வேலைதான். ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டிய உறை என்றால் எட்டடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள்.

டாக்டர் மருத்துவமனையை மூடியபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார். அவளுக்கு வயது ஐம்பத்தாறு, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இனி வாடகை, மாத்திரை, சோறு எல்லாம் அந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

பணம் வங்கிக்கு வந்த மூன்றாம் நாள் தங்கை புருஷன் வந்து நின்றான்.

“அக்கா, இனிமே பல்லைக் குடைய டிரில்லே கிடையாது. எல்லாம் லேசர்தான். இங்கேயே ஒரு கம்பெனி அந்த மெஷினைச் செய்யுது. இப்ப பங்கு வாங்கினா மூணு வருஷத்துல மூணு மடங்கு.”

“யாரு வாயில வச்சுப் பார்த்தாங்க?”

“எத்தனையோ ஆஸ்பத்திரியில ஓடிட்டிருக்கு. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்!”

“அதுக்குத்தானே தம்பி இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தாங்க.”

அவன் சிரித்துக்கொண்டே கம்பெனியின் விவர அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் ஒரு குழந்தை பல் தெரியச் சிரித்தது. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. தாளின் மூலையைப் பார்த்தாள். ஸ்டேப்ளர் முள் ஒன்று, ஓட்டைகள் நான்கு. யாரோ பிரித்து மறுபடி அடித்திருக்கிறார்கள். பக்கங்களை எண்ணினாள். நாலுக்கு அடுத்து ஆறு.

அன்று மாலையே தங்கை போன் செய்தாள். “அவரை நம்பலைன்னா என்னை நம்பலைன்னுதானே அர்த்தம்?”

“நாளைக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்டி.”

கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தங்கை புருஷனும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தான். பல் நாற்காலி ஒன்று கிடந்தது. தலை வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. ஒருவரும் உட்கார்ந்ததில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

இஞ்சினியர் பெண் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தாள். பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றைச் சின்ன இடுக்கியில் மாட்டி லேசரைப் பிடித்தாள். தண்ணீர்ச் சாரலோடு டக் டக் என்று ஒரு சத்தம். சந்தேகம் அக்கா குனிந்து மோந்து பார்த்தாள். கருகல் வாடை இல்லை. குழி சுத்தமாக இருந்தது. மெஷின் நிஜம்தான்! அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது.

“என் கீழ்ப்பல்லுல சொத்தை இருக்கு கண்ணு. இப்பவே வச்சுப் பாரேன்.”

தங்கை புருஷன் இருமினான். இஞ்சினியர் பதறிவிட்டாள்.

“ஐயோ அம்மா! மனுஷங்க வாயில வைக்க இன்னும் அனுமதியே வரலை. வர மூணு வருஷமாவது ஆகும், வராமலும் போகலாம். அஞ்சாம் பக்கத்துல எழுதியிருக்கோமே, படிக்கலையா?”

“என் அறிக்கையில அஞ்சே இல்லையே.”

இஞ்சினியர் புது அறிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். போட்ட பணம் முழுதும் போகலாம் என்று ஐந்தாம் பக்கம் சொன்னது. அடுத்த வரி: ஆள் சேர்த்துவிடுபவருக்கு நூற்றுக்கு எட்டு ரூபாய் கமிஷன்.

“பிரிண்டிங்ல விட்டுப்போயிருக்கும்க்கா,” என்றான் அவன், ஜன்னல் வழியே டயர் கடை வாசலின் தகரக் கூரையைப் பார்த்தபடி.

“பிரிண்டிங் மெஷின் முள்ளைப் பிடுங்கித் திரும்ப அடிக்குமா தம்பி?”

அவள் இஞ்சினியர் பக்கம் திரும்பினாள். “அனுமதி வந்ததும் எனக்குச் சொல்லு. முதல் பல்லு நான் தர்றேன். பணம் தர மாட்டேன்.”

படியிறங்கும்போது அவன் பின்னாலேயே வந்தான். “அக்கா, உங்க தங்கச்சிகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.”

அவள் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். “ஒரு பக்கம் படிச்சுக் காட்டுறேன்டி. குறுக்கே பேசாம கேளு.”