சித்தப்பாவின் நாக்கு

மூன்றாண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது சித்தப்பா பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"பயப்படாதே, பேலியோ டயட்தான்," என்றாள் சித்தி. "சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது. கறி, முட்டை, கீரை. கற்கால மனுஷனோட குடும்பம் நடத்துறேன். இனி குகைதான் பாக்கி."

சித்தப்பா சிரிக்கவில்லை. வெள்ளரித் துண்டை மென்றபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் கம்பெனியில் அவர் பெயர் 'நாக்கு'. வேலை, சுவை பார்ப்பது. காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் முதல் தட்டு நேராகச் சுவை அறைக்குப் போகும். மூன்று நாற்காலி, மூன்று வெந்நீர்க் குவளை, துப்ப ஒரு தொட்டி. மூவரும் மென்று துப்பித் தலையாட்டினால்தான் மற்ற தட்டுகள் பொட்டலம் கட்டும் பக்கம் நகரும். உள்ளே பேசக் கூடாது. ஒருவர் வாய் சொன்னதையே அடுத்தவர் நாக்கும் சொல்லிவிடுமாம்.

மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"முதல்ல நல்லாத்தான் இருந்துச்சும்மா. வெங்காயமே இனிச்சுது. கேரட் மிட்டாய் மாதிரி. பாதாமுக்குள்ள இத்தனை வாசனையான்னு அசந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் பிஸ்கட்டைக் கடிச்சா வாய் கூசுது. வெறும் சர்க்கரை. அதுக்குப் பின்னாடி வெண்ணெயா, மாவா, ஒண்ணும் தெரியல. நடுவுல சுவர் வெச்ச மாதிரி."

"கம்பெனில சொல்லலையா?"

"நாக்கு போச்சுன்னா நாக்குக்கு அங்க என்ன வேலை? பழையபடி சாப்பிட்டா சர்க்கரை ஏறும், காலையே எடுக்கணும்ங்கிறார் டாக்டர்."

"அப்போ தினமும் எப்படி?"

அவர் துணியை மடிப்பதை நிறுத்தினார். "கண்ணாடிக்காரர் முகத்தைப் பாப்பேன். அவர் சுளிக்கலைன்னா சரி. தலையாட்டிடுவேன்."

கண்ணாடிக்காரர் அடுத்த நாற்காலிக்காரர். அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

"உங்க சித்தப்பா இருக்கிற வரைக்கும் எங்களுக்கென்னம்மா கவலை? போன காய்ச்சலோட எனக்கு உப்பும் போச்சு, உறைப்பும் போச்சு. இன்னொண்ணு புதுசா வந்த பொண்ணு. ரெண்டு பேரும் அவர் முகத்தைத்தான் பாப்போம். அவர் தலை ஆடினா எங்க தலை ஆடும், பூம்பூம் மாடு மாதிரி!"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவர் போனதும் சித்தப்பாவிடம் சொன்னேன். ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ அந்த அறையில யாருமே..." என்றார். பிறகு, "நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

மறுநாள் மாலை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். முதல் தட்டில் மிஞ்சுவதைச் சுவை பார்ப்பவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள்.

"சொல்லிட்டீங்களா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சொல்லத்தான் போனேன். தட்டு வந்துடுச்சு. இன்னிக்குச் சுவருக்குப் பின்னாடி ஏதோ கசந்துச்சும்மா. பிஸ்கட்டா, என் நாக்கான்னு தெரியல. நிமிர்ந்தா ரெண்டு பேரும் என் முகத்தையே பாத்துட்டு இருக்காங்க."

"அப்புறம்?"

"ஆட்டிட்டேன். லாரி போயிடுச்சு."

அதற்குள் சித்தி பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டிருந்தாள். சித்தப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு," என்று இன்னொன்றை எடுத்தாள்.

நானும் ஒன்றைக் கடித்தேன். முதலில் இனிப்பு. விழுங்கிய பிறகுதான் நாக்கின் அடியிலிருந்து அந்தக் கசப்பு மெல்ல ஏறியது. என் முகம் மாறியதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். கைபேசியை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

"லாரியைத் திருப்பச் சொல்லுங்க சார். கசக்குது."

மறுமுனையின் சிரிப்பு எனக்கே கேட்டது. "என்ன நாக்கு, நீங்க ஆட்டினப்புறம்தானே வண்டியே கிளம்பிச்சு? கீரையாத் தின்னா வாய் கசக்கத்தான் செய்யும். காலைல பேசிக்கலாம்."

இணைப்பு அறுந்தது. சித்தப்பா மறுபடி எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சித்தி கையிலிருந்த பாதி பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுங்களேன். தொண்டை என்னமோ மாதிரி இருக்கு."