ஓனரம்மாவுக்கு ஒரு கூடை குட்டிக்கோசு

பெங்களூர் ஈஜிபுராவில் அந்த வருடங்களில் காலி இடம் என்று யாரும் சொல்வதில்லை. "இன்னும் கட்டல" என்பார்கள். மண்ணுக்கு அங்கே வேறு எதிர்காலம் கிடையாது. மழை பெய்து மண் வாசனை வந்தால்கூட, யாரோ சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எங்கள் வாடகை வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அப்படி இன்னும் கட்டாத ஒரு துண்டு இருந்தது. பத்தடிக்கு எட்டடி. சிவப்பு மண், ஒரு குழாய், ஒரு துவைக்கும் கல், மதியம் வரை வெயில். பால் பொங்குவதற்குள் நான் பார்த்து முடிக்கிற என் பங்கு வானம் முழுவதும் அந்த ஜன்னலுக்குள்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் ஒரு நாள் ஓனரம்மா ஒரு மேஸ்திரியோடு வந்து அந்தத் துண்டைக் காலடியால் அளந்தார். அதே காம்பவுண்டின் முன்வீட்டில் இருந்தவர். தமிழில் ஆரம்பிப்பார், முடிவெடுத்துவிட்டால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

"ஒரு ரூமு, ஒரு பாத்ரூமு. பேச்சிலருக்கு உட்டா நின்ன இடத்துல போவும்" என்றார், என்னிடம் அல்ல, என் ஜன்னலிடம்.

"எங்களுக்கு வெளிச்சமே வராதே ஆன்ட்டி."

"டியூப்லைட்டு இன்னாத்துக்கு இருக்குது?"

பதற்றத்தில், அங்கே காய்கறித் தோட்டம் போடப் போகிறேன் என்றேன். அதுவரை நான் அங்கே போட்டிருந்தது துணிக்கொடி மட்டும்.

"தோட்டமா? இன்னா காய்?"

கத்தரி, வெண்டை என்று சொல்லியிருக்கலாம். மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு விதை உறை கிடந்தது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கணினிகளில் வருடத்தின் இரண்டு எண்களை நான்காக மாற்றும் வேலைக்கு என் கணவரை ஆறு மாதம் ஹாலந்துக்கு அனுப்பியிருந்தார்கள். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது "அங்கெல்லாம்" என்ற சொல்லோடு வந்தார். அங்கெல்லாம் ஹாரனே அடிக்க மாட்டாங்க. அங்கெல்லாம் மழையிலயும் சைக்கிள்ல போவாங்க. அங்கெல்லாம் பழைய சோறுன்னு ஒண்ணு கிடையாது. சாக்லேட் கொண்டுவர வேண்டிய பெட்டியில் அவர் கொண்டுவந்தது பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் விதை. அட்டையில் ஒரு வெள்ளைத் தட்டு, எலுமிச்சை அளவில் பன்னிரண்டு குட்டிக் கோசுகள், பக்கத்தில் ஒரு முள்கரண்டி, உருகும் வெண்ணெய். செடியின் படம் இல்லை. பின்பக்கம் முழுக்க டச்சு மொழியில் பொடிப் பொடியாக ஏதோ எழுதியிருந்தது.

நான் அப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். என் கண்ணால் பார்த்திராத இயந்திரங்களை எப்படி இயக்குவது என்று, எங்கோ இருக்கும் மனிதர்களுக்குப் படிப்படியாகச் சொல்லும் வேலை. கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது அதை எழுதுகிறவளுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பின்பக்கத்தை யாரிடமாவது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"குட்டிக் கோசு ஆன்ட்டி. ஃபாரின் விதை" என்றேன்.

ஓனரம்மாவின் கண்ணில் ஒரு மினுக்கம். ஃபாரின் என்ற சொல்லுக்கு அந்தத் தெருவில் யாரையும் இரண்டு நிமிடம் நிற்க வைக்கும் சக்தி இருந்தது.

"சரி. சங்கராந்திக்கு எனக்கு ஒரு கூடை வரணும். நிலம் காய்ச்சா நிலத்த உடறேன், ரூம மாடியில கட்டிக்கறேன். காய்க்கலன்னா மறுநாள் பூஜ. மார்கழியில எப்படியும் கடக்கால் போட முடியாது, பொழச்சுப் போ." மேஸ்திரியிடம் திரும்பி, "ஆய்த்து, நடி" என்றார். முடிவாகிவிட்டது, நட என்று பொருள்.

பால் கவர்களின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் சாண எருவும் நிரப்பி விதைத்தேன். கடுகு மாதிரி விதை. ஓனரம்மா எட்டிப் பார்த்து, "கடுகுதான் இது, உன் வீட்டுக்காரர ஏமாத்திட்டாங்க" என்றார். ஆறாம் நாள் முளைத்தது. அந்த வாரம் முழுக்க நான் ஆபீசுக்குத் தாமதமாகவே போனேன். இருபது முளையில் பாதியை நத்தை தின்றது, மீதியில் சிலதை என் அக்கறை தின்றது. அக்டோபரில் தரையில் நட்டது ஆறு. வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வந்து பரவசமாகச் சுற்றின. நானும் பரவசமாகப் பார்த்தேன். பத்து நாளில் இலையெல்லாம் சல்லடை. அதற்குப் பிறகு காலையில் புழு பொறுக்குவது, சாம்பல் தூவுவது. என் கணவர் ஜன்னலுக்கு உள்ளிருந்தே, "அங்கெல்லாம் வலை போட்டு மூடிடுவாங்க" என்பார். வலையோ கையோ ஜன்னலைத் தாண்டி வந்ததில்லை.

செடிகள் வளர்ந்தன. கோசு மாதிரி தரையோடு உட்காரவில்லை, எழுந்து நின்றன. முழங்கால் உயரம், பிறகு இடுப்பு. நீலம் பாய்ந்த கரண்டி இலைகள். உச்சியில் ஒரு கொண்டை. அந்தக் கொண்டை இறுகி உருண்டையாகும் என்று தினமும் தொட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா, இது கோசா, பப்பாளியா?" ஓனரம்மா தினமும் ஒரு முறை வந்து கேட்டுவிட்டுப் போவார். "ஆறு செடி. தலைக்கு ஒண்ணுன்னா ஆறு எலுமிச்சம்பழம். அத எந்தக் கூடையில வெச்சுக் குடுப்ப, விபூதிக் கிண்ணத்துலயா?"

அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. ஆறு உருண்டை எப்படிக் கூடையாகும்?

நவம்பர் கடைசியில் இன்னொரு அதிர்ச்சி. இலைக்காம்பு தண்டில் சேரும் ஒவ்வொரு கக்கத்திலும் பட்டாணி அளவில் ஒரு பச்சைப் புடைப்பு. ஆறு செடியிலும், கீழிருந்து மேல் வரை. வியாதி என்று நினைத்தேன். காம்பவுண்டின் கடைசி ஒற்றை அறையில் குடியிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அத்திபெலேக்கு அந்தப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை. விடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஞாயிறு மட்டும் லீவு. செடி விஷயத்தில் எங்கள் காம்பவுண்டுக்கே அவர்தான் டாக்டர்.

அக்கா குனிந்து பார்த்து ஒரே நொடியில் சொல்லிவிட்டார். "வியாதியில்ல மேடம். பக்க மொட்டு. இத உட்டா சத்தெல்லாம் இதுங்களே குடிச்சிடும், மேல இருக்கறது சிறுத்துப் போயிடும். எங்க பண்ணையில நாள் பூரா எனக்கு இதான் வேலை. ஒரு தண்டு, ஒரு பூ. ரெண்டு பூ இருந்தா வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்."

"கிள்ளிட்டா மேல இருக்கறது எவ்ளோ பெருசாகும்?"

"ரோஜாவா இருந்தா இம்மாம்" என்று கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் கைக்குள் ஆறு பெரிய கோசுகளை நான் பார்த்தேன். ஒரு கூடை.

"அப்ப எல்லாத்தையும் கிள்ளிடுங்க அக்கா."

நான் எழுதிய கையேடுகளிலேயே இவ்வளவு தெளிவான, இவ்வளவு சுருக்கமான வழிமுறை வேறில்லை. கேட்டவர் அப்படியே செய்ததும் இது ஒன்றைத்தான்.

டிசம்பர் முழுக்க ஞாயிறு தோறும் அக்கா வந்தார். வேலையில் கறுத்துப்போன கட்டைவிரல் நகம் கக்கத்துக்குள் போகும், 'டிக்'. அடுத்தது, 'டிக்'. தப்பாத தாளம். கொஞ்சம் பெரிதாக, கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டதையும் விடவில்லை. எல்லாவற்றையும் முந்தானையில் கட்டிக்கொண்டு, "நான் போட்டுடறேன் மேடம்" என்று போவார். பனிக்கால வெயிலில் ஆறு மொட்டைத் தண்டுகளும் உச்சிக் கொண்டையோடு நிற்கும். எனக்கு ஒரே பெருமை.

ஜனவரி முதல் தேதி காலையில் என் கணவர் ஆபீசிலிருந்து வந்தார். உலகத்துக் கணினிகளெல்லாம் நின்றுபோகும் என்று காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். எதுவும் நிற்கவில்லை. அந்த ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. காபி டம்ளரோடு, நாலு மாதத்தில் முதல் முறையாக, தோட்டத்துக்குள் கால் வைத்தார்.

"இன்னும் காய்க்கலயா?"

"மேல கொண்டை இறுகணும்."

"மேலயா? மேல என்ன இருக்கு? தண்டுலதான ஒட்டிக்கிட்டு இருக்கும். அங்க மார்க்கெட்ல பார்த்திருக்கேனே, தண்டோட வெட்டி சுவத்துல சாய்ச்சு வெச்சிருப்பாங்க, கீழேருந்து மேல வரைக்கும் உருண்டை உருண்டையா. அப்படியே பீமனோட கதாயுதம் மாதிரி."

டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நான் ஆறு தண்டுகளையும் பார்த்தேன். நகம் பட்ட தழும்புகள் கீழிருந்து மேல் வரை, வரிசையாக, ஒன்று விடாமல்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

ஆறு மாதம் பார்த்ததையெல்லாம் கேட்காமலே சொன்ன மனிதர், இதை மட்டும் கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் சொன்னேன், நாம் கிள்ளியதுதான் காய் என்று. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். என் கணவர் பிராயச்சித்தமாக ரஸ்ஸல் மார்க்கெட் போனார். ஒரு கிலோ வாங்கிக் கூடையில் நிரப்பிவிடலாம் என்பது அவர் திட்டம், வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. கிறிஸ்மஸோடு ஹோட்டல்காரர்களின் ஆர்டர் முடிந்துவிட்டது, இனி அடுத்த டிசம்பர் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். ஒரு காலிஃபிளவர் வாங்கி வந்தார்.

சங்கராந்தியன்று ஓனரம்மா பட்டுப்புடவையில் வந்தார். ஒரு கையில் எள்ளு வெல்லத் தட்டு, மறு கையில் காலிக் கூடை. கேட் பக்கம் மேஸ்திரி, பல்லில் கரும்போடு. குழாயடியில் அக்கா குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓனரம்மா என் கையில் எள்ளு வெல்லத்தை வைத்துவிட்டுச் செடிகளைச் சுற்றி வந்தார். "எள்ளு தின்னு நல்லதா பேசணும்னு சொல்வாங்க. இன்னா பேசறது? கூடை காலியா இருக்குதே."

"விதை சரியில்ல ஆன்ட்டி" என்றேன். "ஹாலந்து விதை. நம்ம மண்ணுக்கு ஒத்துக்கல."

குடம் நிரம்பி வழிந்தது. அக்கா குழாயை மூடினார்.

"விதை நல்ல விதைதாம்மா" என்றார் ஓனரம்மாவிடம். "நல்லாக் காய்ச்சுது. நான்தான் கிள்ளிட்டேன். பக்க மொட்டுன்னு நெனச்சு மாசம் பூரா கிள்ளினேன்."

"கிள்ளி?"

"மொதல்ல கோழிக்குப் போட்டேன். கோழிங்க அடிச்சுக்கிச்சு. அப்படி இன்னாதான் இருக்குதுன்னு ஒரு நாள் கூட்டு வெச்சேன். அப்புறம் வாரா வாரம் எங்களுக்கே வெச்சுக்கிட்டேன்." மறுபடி முந்தானை வாய்க்குப் போனது. அன்று அவர் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நல்லாருந்துச்சா?"

"கோசு மாதிரிதாம்மா. லேசா கசக்கும். தேங்கா போட்டா போயிடும்."

நான் கிள்ளச் சொல்லித்தான் அவர் கிள்ளினார். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். எள்ளும் வெல்லமும் என் வாயில் கரைந்துகொண்டிருந்தன. மென்றேன். பழி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் சுவர் ஒருவேளை வராமல் போகலாம் என்று, மென்றுகொண்டே இருந்தேன்.

ஓனரம்மா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த கொப்பரைத் துண்டு உருண்டது. மேஸ்திரியைப் பார்த்து, "நீ மாடிக்கு அளவெடு" என்றார். பிறகு என்னிடம், "நிலம் காய்ச்சா உடறேன்னு சொன்னேன். காய்ச்சிருக்குது. உட்டுட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா உனக்கில்ல. தெனம் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் காய் எதுன்னு உனக்குத் தெரியல. தின்னவளுக்குத் தெரிஞ்சுது. எடம் இனிமே அவளுக்கு."

"நான் சொல்லித்தான் ஆன்ட்டி அவங்க கிள்ளினாங்க" என்றேன், இப்போது மட்டும் அவசரமாக.

"அப்புடியா? அப்ப ஏன் விதை மேல சொன்ன?"

ஓனரம்மா காலிக் கூடையை அக்காவின் குடத்து மேல் வைத்துவிட்டு, "ஆய்த்து" என்று போய்விட்டார்.

அறை மாடியில் எழும்பியது. என் ஜன்னல் தப்பித்தது, வானமும் என் பங்குக்குத் தப்பித்தது. அக்கா ஒரே ஞாயிறில் ஐந்து செடிகளைப் பிடுங்கிவிட்டு வெந்தயக்கீரை போட்டார், ஓரத்தில் பச்சை மிளகாய். ஆறாவது செடியை விட்டுவைத்தார், அதில் கை வைக்கவில்லை. உச்சியில் அதன் பிறகு முளைத்த சில மொட்டுகள் பிப்ரவரி வெயிலில் இறுகாமல், மலர மறந்த ரோஜா மாதிரி விரிந்து நின்றன. அதைப் பறித்துக் கூட்டு வைத்து, ஒரு கிண்ணம் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். லேசாகக் கசந்தது. "அங்கெல்லாம் வெண்ணெய்ல வதக்கி..." என்று ஆரம்பித்தவரின் தட்டில் சோற்றைப் போட்டேன்.

மறுநாள் காலை, வேன் வருமுன் அக்கா அவசரமாகக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க கிளம்புங்க அக்கா. மீதிய நான் ஊத்தறேன்" என்றேன் ஜன்னலிலிருந்து.

"வேணாம் மேடம்" என்றார், மிகுந்த மரியாதையோடு. "நீங்க பாருங்க, போதும்."