நேத்து லீவா?

“நேத்து லீவா?”

நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் டாக்டர் மெகராஜ் பேகம் கேட்டுவிடுவார். பெயர், ஊர் எல்லாம் அப்புறம்தான். ராஜபாளையத்தில் மில் சங்கு காதில் விழும் தூரத்தில் இருக்கிறது அவருடைய கிளினிக். வருகிறவர்களில் பெரும்பாலோர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். ஆனாலும் கேள்வி எல்லோருக்கும் பொது. வத்திராயிருப்பிலிருந்து கால் வீக்கத்தைக் காட்ட வந்த ஒரு தோப்புக்காரர், “தென்னைக்கு ஏதும்மா லீவு?” என்று முழித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கணவர் ஹமீது, “என் கடைக்கு வாரவன்கிட்டயும் கேட்டு வைக்காத தாயே” என்று கும்பிடு போட்டிருக்கிறார்.

கேள்வியில் காரணம் இருக்கிறது. பஞ்சுப் பொதியான பேலை உடைக்கும் இடத்திலும், பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் தூசியைக் குடித்தே வேலை பார்ப்பவர்களுக்கு வார விடுமுறையன்று நெஞ்சு லேசாகிவிடும். மறுநாள் வேலைக்குத் திரும்பி, ஷிப்டு முடிகிற நேரத்தில் யாரோ மேலே ஏறி உட்கார்ந்தது போல இறுக்கும். முதலில் அந்த ஒரு நாள்தான். வருஷம் போகப் போக எல்லா நாளும் அப்படித்தான். ஆகவே லீவுக்கு மறுநாள் சாயங்காலம் பிடித்தால் நோய் அகப்படும். மற்ற நாளில் பார்க்கிறவர்கள் ஆஸ்துமா என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆஸ்துமா என்று எழுதினால் மில்லுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

ஆஸ்துமாவையாவது அவர் பொறுத்துக்கொள்வார். ‘பீடி’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் சிவந்துவிடும். மில் நிர்வாகமும் அவர்கள் கூப்பிட்டு வரும் பட்டணத்து வைத்தியர்களும் எல்லா இருமலுக்கும் பீடியைத்தான் கை காட்டுகிறார்கள். “கழிவுப் பஞ்சு பிரிக்கா வெள்ளைத்தாயி. அவ எங்கிட்டுப் போயிப் பீடி குடிச்சா? சொல்லச் சொல்லுங்க!” என்று மேஜையைத் தட்டுவார். மேஜைக் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது.

துபாயிலிருந்து வந்த தம்பி அகமது கபீர், அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, சேலையும் வேண்டாம் சென்ட்டும் வேண்டாம் என்று சொல்லி, மூச்சை அளக்கிற குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கையடக்கமான பிளாஸ்டிக் குழாய். வாயில் வைத்து ஊதினால் முள் நகரும். ஊரில் அதற்கு ‘ஊதி’ என்று பெயராகிவிட்டது.

எண்பத்தெட்டில் டெல்லியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சிறு ஊர் டாக்டர்களுக்கு ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொடுப்பார்களாம். ஒரு வருஷம் அங்கே பயிற்சி, பிறகு சொந்த ஊரில் ஆராய்ச்சி நடத்தப் பணம். பஞ்சுத்தூசிதான் காரணம் என்று மறுக்க முடியாதபடி நிரூபித்துவிடலாம், இத்தனை பேருக்கும் நியாயம் கிடைத்துவிடும் என்று மெகராஜ் பேகம் விண்ணப்பித்தார். வயது வரம்பு முப்பத்தைந்து. அவருக்கு அப்போது முப்பத்துநாலு. அதற்கும் ஒரு பொருமல் உண்டு. “பத்து வருசம் நோயாளிக கூடக் கெடந்தாத்தான் கேக்க ஒரு கேள்வி பொறக்குது. கேள்வி பொறந்த பொறவு வயசாயிருச்சுங்காக!”

ஆராய்ச்சி நடக்கப்போகும் இடத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்தார்கள். வந்தது எந்த நாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை! மில்லின் வார விடுமுறை. வேலை நாளில் வந்தால் மில் ஓட்டம் கெடும் என்று நிர்வாகம் சொன்னது, அவர்களும் தலையாட்டிவிட்டார்கள். கிளினிக் வாசலில் தொழிலாளர்கள் குளித்துத் தலைசீவி, சலவைச் சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஒவ்வொருவராக ஊதினார்கள். எப்படி ஊதினார்கள்! கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க ஊதினார்கள். கார்டிங்கில் காலத்தைக் கழித்த கருத்தையா, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவர், ஊதிய ஊதலில் முள் எங்கேயோ போய் நின்றது. கூட்டம் கைதட்டியது.

“மெதுவா, எப்பயும் போல ஊதுங்கண்ணே” என்று மெகராஜ் பேகம் கெஞ்சினார். கருத்தையா கண்ணைச் சிமிட்டிவிட்டு நகர்ந்தார்.

குழுவின் தலைவர் தமிழ்க்காரர்தான். அவர் சிரித்தார். “என்னைவிட ஹெல்த்தியா இருக்காங்களே மேடம். இங்கே ஆராய்ச்சி பண்ண நோயே இல்லையே!”

“சார், லீவு நாள்ல வந்து தேடினா எப்படிக் கிடைக்கும்? நாளைக்குச் சாயங்காலம் மில் கேட்ல நின்னு பாருங்க. ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் அவர்களுக்குக் குற்றாலத்தில் அறை போட்டிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர். இத்தனை பேர் மூச்சைவிட மூன்று பேர் குளியல் பெரிதாகப் போய்விட்டது. இப்போது கேட்டாலும் வயிறு எரிகிறது.

நோய் இல்லை என்று எழுதிக் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பயிற்சி இடம் பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவருக்குப் போனது. லாரியில் பஞ்சுப் பேல் போகும்போது அவர் பார்த்திருக்கலாம். மறு அறிவிப்பு வருவதற்குள் மெகராஜ் பேகத்துக்கு வயது தாண்டிவிட்டது. விதி விதிதானாம். லீவு நாளில் வந்து பார்த்துப்போன குழுவுக்கு இல்லாத விதி!

ஆனால் அவரை அடித்துப்போட்டது டெல்லிக்காரர்கள் அல்ல. அவர்கள் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமை, ஷிப்டு முடிந்து கருத்தையா வந்தார். கையில் பூந்திப் பொட்டலம். தலையிலும் மீசையிலும் பஞ்சு. ஒரு வாய்ப் பேச்சுக்கு மூன்று முறை நின்று மூச்சு வாங்கினார்.

“பாஸாயிட்டீகளா டாக்டரம்மா? நாந்தான்... எல்லார்ட்டயும் சொல்லிவச்சேன். டாக்டரம்மாவுக்குப் பரீட்ச. நம்ம இருமிக்கிட்டு நின்னா... இவுக வைத்திய லச்சணம் இம்புட்டுத்தானான்னு... டெல்லிக்காரன் நெனச்சிருவான். அதான் சனிக்கெழமயும் லீவு போட்டு... ஆவி புடிச்சு, வெல்லம் தின்னு... தம் கட்டி வந்தோம். மானத்தக் காப்பாத்திட்டம்லா?”

சம்பளத்தை விட்டு லீவு போட்டிருக்கிறார்கள். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துவைத்து அவருக்காக ஊதியிருக்கிறார்கள். நிர்வாகத்தைத் திட்டலாம், குழுவைத் திட்டலாம், இவரை என்ன சொல்லித் திட்டுவது? மெகராஜ் பேகம் பூந்தியை வாயில் போட்டுக்கொண்டு, “பாஸ்தாண்ணே” என்றார்.

நாலு வருஷமாகிறது. கருத்தையா வேலையை விட்டு நின்றுவிட்டார், வியாதி ஆஸ்துமா என்று மில் கணக்கில் முடித்துவிட்டார்கள். மெகராஜ் பேகம் இப்போதும் டெல்லிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். பதில் வராவிட்டால் இன்னும் சூடாக எழுதுகிறார். லீவுக்கு மறுநாள் சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மில் கேட்டுக்கு எதிரே ஊதியோடு நிற்கிறார். காவல்காரர் சௌந்தரபாண்டியன் விரட்ட வந்தால், “நேத்து லீவா? இந்தா, நீரும் ஊதும்” என்று நீட்டுகிறார்.

மாதம் ஒருமுறை மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவர, கருத்தையா கிளினிக்குக்கு வருவார். உட்கார்ந்ததும் ஒரே விசாரிப்பு.

“டெல்லிக்கு... எப்பப் போறீக?”

“பிள்ளைக பரீட்சை முடியட்டும்ணே.”

திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஊதியைக் கையில் வாங்குவார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க ஊதுவார். முள் கொஞ்சம் அசைந்து நிற்கும். மெகராஜ் பேகம் அதைத் தன் பக்கம் திருப்பி, உள்ளதை உள்ளபடி சீட்டில் குறித்துக்கொள்வார்.

“எம்புட்டு?” என்பார் கருத்தையா, இரைத்துக்கொண்டே.

பொய்க் கணக்கென்றால் மேஜையைத் தட்டும் அந்தக் கை, முள்ளைக் கட்டைவிரலால் மேலே, உச்சி வரைக்கும் தள்ளிவிட்டு, குழாயை மெல்ல அவர் பக்கம் திருப்பும்.