தராசுக்கும் விரலுக்கும் சமாதானம் செய்தவர்

"மில்லர்புரம் ஐசக் அண்ணாச்சி போயிட்டாவ" என்று செல்போனில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. காலன் வந்திருந்தால் அண்ணாச்சி அவனையே ரீஸ்டார்ட் செய்து திருப்பி அனுப்பியிருப்பார்.

துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டில் அவர் கணினிப் பொறியாளர். நான் லாரி எடைமேடைப் பொறுப்பாளன். அவர் கீபோர்டைத் தட்டினால் இலங்கைக் கரையில் அலை எழும் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் போதும். எடைச் சீட்டு அடிக்க ஜெபா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணினிக்கு வரும் எடை, பிரெய்ல் கருவியில் புள்ளிகளாக எழும். அதை விரலால் வாசித்து அவர் சீட்டு அடிக்க வேண்டும். அந்தக் கருவிக்கான டிரைவர் மென்பொருளை, அண்டசராசரத்தையே இயக்குபவன் தோரணையில், நான்தான் நிறுவினேன். அந்த நிமிடமே எடை வருவது நின்றது. லாரிகள் மாப்பிள்ளையூரணி வரை நின்றன. என் கண்ணுக்கு விளாத்திகுளம் வரை தெரிந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "கப்பலு காத்துக் கிடக்காது அண்ணாச்சி. அந்தப் புது மெஷினக் கழத்துங்க. பிள்ள நாளையிலருந்து வரவேண்டாம்."

ஜெபா விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி எல்லா வயர்களையும் பிடுங்கினார். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் கணினியின் உள்மையமான கெர்னல் திரையில் எழுதும் குறிப்பை வரி விடாமல் வாசித்தார். என்ன அவசரமானாலும் அதுதான் அவர் வழக்கம். கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏலே, தராசு வயர்லயும் பிரெய்லு வயர்லயும் ஒரே சிப்பு, ஒரே அடையாள எண்ணு. நீ போட்ட டிரைவர், தராசையும் பிரெய்லுன்னு நெனச்சு அமுக்கிட்டு. தராசோட டிரைவர் வெளிய நிக்கு."

"அப்போ என்னோடத அழிச்சிருவோமா?" என்றேன், பாவத்தைக் கழுவும் அவசரத்தில்.

"பிள்ளைய வீட்டுக்கு அனுப்பதுக்கா நான் உக்காந்திருக்கேன்? எண்ணப் பாக்காத, எந்த ஓட்டையில செருகியிருக்குன்னு பாருன்னு கம்ப்யூட்டர்ட்ட சொல்லிட்டாத் தீந்துது!"

நான்கு வரி எழுதினார். லாரி மேடையில் ஏறியது. அறையே மூச்சடக்கியது, முத்துக் குளித்தவர்கள்கூட அவ்வளவு நேரம் அடக்கியிருக்க மாட்டார்கள். ஜெபாவின் விரல்கள் நகர்ந்தன. எடையை உரக்க வாசித்தார். தராசும் அதையே காட்டியது.

முதல் சீட்டை அண்ணாச்சி மேனேஜரிடம் நீட்டினார். "நாளைக்கும் வருவா."

வந்தார். இன்று எடைமேடைப் பொறுப்பாளர் அவர்தான். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன்.

நேற்று அடக்கத்துக்கு முன், ஜெபா பிரெய்லில் குத்திய ஒரு தாளை அண்ணாச்சியின் சவப்பெட்டிக்குள் வைத்தார். என்னவென்று கேட்டேன்.

"எடைச் சீட்டு மாமா. பேரு மட்டும் போட்டிருக்கேன். எடைய எழுதல. இவுக கனத்த நம்ம மேட தாங்காது."

சரியான சீட்டுதான். போய் வாருங்கள், அண்ணாச்சி.