டேப்பில் ஒட்டிய டிஸ்க்

கிரேஸ் டீச்சர் தன் கணவரின் குரலை அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன்.

அவர்தான் அழித்தார் என்று பீர்க்கன்கரணையில் அவர் தெருவே நம்புகிறது. அவரும் நம்புகிறார். நம்ப வைத்தவன் நான். படித்து முடித்த பிறகு நீங்கள் என்னைத் திட்டலாம். 'பாவம், தெரியாமல் நடந்துவிட்டது' என்று மட்டும் சொல்லாதீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

பெருங்களத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது என்று யார் வந்தாலும் ஒரே வைத்தியம்தான். உள்ளே சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பில் போடுகிற, சுற்றாத சின்ன டிஸ்க்கான எஸ்எஸ்டியை மாட்டுவது. உள்ளங்கையில் அடங்கிவிடும். செத்துக் கிடந்த மெஷின் எழுந்து ஓடும்.

ஒரே தொல்லை, அதை உட்கார வைப்பது. டெஸ்க்டாப் கேபினெட்டில் இருக்கும் இடம் பெரிய டிஸ்க்குக்காகச் செய்தது. சின்னதை வைத்தால் ஸ்க்ரூ எட்டாது. நடுவே ஒரு தட்டு வேண்டும். டிஸ்க்கைத் தட்டில் முடுக்கி, தட்டைக் கேபினெட்டில் முடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்களில் பலர் அதைச் செய்வதில்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைக் கிழித்துக் கேபினெட்டின் உட்சுவரில் ஒட்டிவிடுவோம். அதுகூட இல்லாமல் கேபிளிலேயே தொங்க விடுகிறவர்களும் உண்டு. "சுத்தற பார்ட்டே இல்ல மச்சான், தொங்குனா இன்னா?" என்பான் பாபு. கேமரா மாட்டுகிறவன், என் கூட்டாளி. அவன் சொல்வதும் சரிதான். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அந்தப் 'பெரும்பாலும்' மேல்தான் நான் பிழைப்பு நடத்தினேன்.

கிரேஸ் டீச்சரின் கணவர் சாமுவேல் சார் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் வீட்டு டெஸ்க்டாப்பின் முன் உட்கார்ந்து, தன் குரலை அவரே பதிவு செய்து வைத்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை. பேப்பரில் எழுதிக் காட்டியே சில காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பிள்ளைகள் கிடையாது. டீச்சருக்கு மிஞ்சியது அந்தக் கம்ப்யூட்டர்தான். அது நின்று நின்று ஓடியதால் என்னிடம் கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். வந்திருக்கிறதா என்று பார்க்க, டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒன்றைப் போட்டேன். கடை முழுக்க அந்தக் குரல்... "கிரேஸ், மோட்டார் போட்டா ஆஃப் பண்ண மறந்துடுற. நான் கத்துறேன்னு நெனச்சுக்கோ, போய் ஆஃப் பண்ணு." பின்னால், தூரத்தில், டீச்சரின் குரல்: "மைக்ல கூட திட்டணுமா?"

டீச்சர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடு சேகர்," என்றார்.

"எதுக்கு டீச்சர்? இது பழசு மாதிரி இல்ல. கீழ போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

அப்படித்தான் சொன்னேன். என்ன திமிர் எனக்கு!

தட்டு கைவசம் இல்லை. தாம்பரம் போய் வாங்கியிருக்கலாம். வெயிலில் போகச் சோம்பல். டேப் போட்டு ஒட்டினேன். பழைய டிஸ்க்கை, "நான் வச்சு என்ன பண்ணப் போறேன்?" என்று டீச்சர் என் கடையிலேயே விட்டுவிட்டார். கழற்றியது கடைக்கு என்பது எங்கள் வழக்கம். அந்த வாரமே பாபு வந்தான். "டப்பா டிஸ்க் ஏதாவது கீதா? கோவிலம்பாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட் கேமராவுக்கு. ஓடுனா போதும்." எடுத்துக் கொடுத்தேன்.

மாற்றிய டிஸ்க் நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழையதைத் தொடக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

அந்தக் கோடையில் டேப்பின் பசை இளகியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன் டீச்சர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கம்ப்யூட்டரை ஹாலிலிருந்து உள்ளறைக்கு அவரே மெல்லத் தூக்கி வைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் கருகல் வாசனை. எனக்குப் போன் வந்தது.

போனேன். மூடியைக் கழற்றினேன். டேப் ஒரு நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. டிஸ்க் விழுந்து மதர்போர்டின் ஓரத்துக் கம்பிகள் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் தகர உடம்பில் ஒரு கரும்புள்ளி. பார்த்ததுமே புரிந்துவிட்டது: தகரம் கம்பியில் பட்டு ஷார்ட் ஆகி, போர்டும் டிஸ்க்கும் சேர்ந்து கருகிவிட்டன.

டீச்சர் என் தலைக்கு மேல் நின்றார். "நான் தூக்கினதாலயா சேகர்?"

அந்த இடத்தில்தான்... அந்த ஒரு மூச்சுக்குள்தான் எல்லாம். 'இல்லை டீச்சர், நான் ஒழுங்காக மாட்டவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதனால்தான் உங்கள் மீதும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

"ஆமா டீச்சர்," என்றேன். "இதை அசைக்கவே கூடாது. சொன்னேனே."

நான் சொல்லவே இல்லை. அவர் யோசித்துப் பார்த்தார். சொல்லாத ஒன்றை நினைவில் தேடினார். கடைசியில், "ஆமா, சொல்லியிருப்ப. நான்தான் மறந்துட்டேன். அவர் திட்டுவாரே, எல்லாத்தையும் மறக்கறேன்னு," என்றார்.

அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது அந்த டேப்பை உரித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தரவு மீட்கும் ஆளிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். "சிப்பே கருகிடுச்சு, ஒண்ணும் எடுக்க முடியாது," என்று திருப்பித் தந்துவிட்டார். கோவிலம்பாக்கத்துக்கு ஓடினேன். கேமரா பெட்டி ஒரு டிஸ்க்கை ஏற்கும்போதே துடைத்துவிட்டுத்தான் ஏற்கும். பிறகு நிறைந்ததும் பழையதன் மேலேயே மறுபடி எழுதிக்கொண்டே போகும். இரும்பு கேட் ஒன்றை அது மாதக்கணக்கில் சாமுவேல் சாரின் மேல் எழுதியிருந்தது.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சார் பாத்துக்கினு கீறீங்க? கேட்டுல யாருமே இல்லியே."

ஆமாம், யாரும் இல்லை. அந்தக் கேமராவுக்கு மைக்கும் இல்லை.

டீச்சர் வீட்டுக்கு வேறு போர்டும் வேறு டிஸ்க்கும் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை தட்டு வைத்து, எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினேன். காசு வாங்கவில்லை. 'எவ்வளவு நல்ல பிள்ளை' என்று சர்ச்சில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து எனக்கு ஆட்கள் வருகிறார்கள். "டீச்சர் சொன்னாங்க, கம்ப்யூட்டரை நகர்த்தவே கூடாதாமே. அவங்க நகர்த்தித்தான் எல்லாம் போச்சாம்," என்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

முன்பெல்லாம் ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்கு டீ குடிக்கப் போவேன். என் மனைவி போய் நாளாகிறது. ஏன் போனாள் என்பது வேறு கதை, அதிலும் தப்பு என்னுடையதுதான். வாரத்தில் ஒருநாள், பழுதைப் பற்றி அல்லாமல் என்னோடு பேசிய ஒரே ஆள் டீச்சர். இப்போது போவதில்லை. போனால் சொல்லிவிடுவேனோ என்று பயம். சொல்லாமலே டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேனோ என்று அதைவிடப் பெரிய பயம்.

பெங்களூரில் இருக்கும் தங்கை அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாளாம். வழியில் பார்த்தபோது டீச்சரே சொன்னார். "எப்படிப் போறது சேகர்? சாமான் எல்லாம் எடுக்கணும். என் கை பட்டா எது உருப்படும்?"

அந்தக் கையில் என்ன தப்பு? அவர் மெதுவாகத்தான் தூக்கியிருக்கிறார். ஒழுங்காக முடுக்கிய டிஸ்க்காக இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் வரை போயிருக்கலாம்!

சுருட்டிய டேப் இன்னும் கடை மேஜை டிராயரில் கிடக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன்? ஒருநாள் அவர் முன் வைப்பதற்கு என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யோ என்னவோ... டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அதன் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரையோ வயரையோ தள்ளி விடுகிறேன்.

இன்று காலை டீச்சர் போன் செய்தார். கம்ப்யூட்டரில் ஏதோ சத்தம் வருகிறதாம். ஃபேனில் தூசியாகத்தான் இருக்கும். துடைத்தால் போய்விடும்.

நான் எதுவும் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: "நான் எதையும் தொடல சேகர். சத்தியமா, பக்கத்துலகூடப் போகல."

"வரேன் டீச்சர்," என்றேன்.

இன்னும் போகவில்லை.